வாபஸ் வாங்கிய தேங்க் யூ

பிரேக்கக்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது சொன்னால் எங்கள் வட்டாரத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர். இருப்பது ஒரே கார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் பொருத்தியிருக்கும். அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "பிரேக்கு, பிரேக்கு! எதிர்ல வர்றது லாரிம்மா, உன் மாமியார் இல்ல, மோதிப் பாக்கறதுக்கு!" என்று அவர் கத்துகிற கத்தலில் நடைபாதையில் போகிறவர்கள்கூட ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவார்கள். அப்படி வந்த பெயர் அது. சொந்தப் பெயர் லைசென்ஸில் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்த கையோடு அக்காவிடம் கார் ஓட்டப் போவேன். ஒருநாள் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப மறந்து நேராகச் சுவரைப் பார்த்துப் போய்விட்டேன். அக்கா தன் பக்கத்து பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன கேடு? மனசுதான் கொதிக்குது. வண்டிய ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். அதற்குப் பிறகு அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

நடந்தது இதுதான். அக்காவின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முன் பெஞ்சில் இருந்த தோழியின் பைக்குள் தண்ணீர் பாட்டில் திறந்துகொண்டிருக்கிறது. "ஏய், உன் பையில தண்ணி ஒழுகுது பாரு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். தமிழில் சொல்லிவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுக்குள் ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசக் கூடாதாம். டீச்சர் இவளை எழுப்பி வராந்தாவில் நிற்கவைத்துவிட்டார். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே தோழியின் புத்தகமெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. அதை அவளுக்கு யாரும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பிரின்சிபாலைப் பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் டைப் செய்கிற வேலையில் இருப்பவர். அதனால் குடும்பத்தில் ஆங்கிலம் என்றால் அவர்தான். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் அவரிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். பிரின்சிபால் அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி. அம்மா அப்பாக்கள் உட்கார இரண்டு தாழ்ந்த நாற்காலிகள். பிரின்சிபாலின் நாற்காலி மட்டும் உயரம்.

அக்கா உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு திருடினாளா மேடம்? பொய் சொன்னாளா? கூடப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு உதவி செஞ்சதுக்கு வெளிய நிக்கவைப்பீங்களா? நாளைக்கு வகுப்புல தீப்பிடிச்சா, அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு ஞாபகம் வர்ற வரைக்கும் பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? இது என்ன நியாயம்?"

பிரின்சிபாலின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அக்கா மூச்சு வாங்க நிறுத்தியதும், வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "வாட் இஸ் ஷி சேயிங்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மேடம், ஷி இஸ் சேயிங் தேங்க் யூ. தேங்க் யூ ஃபார் த டிசிப்ளின்."

பிரின்சிபால் அழகாகச் சிரித்தார். "வெல்கம்" என்றார். சந்திப்பு முடிந்துவிட்டது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான்" என்று அக்கா காரின் டேஷ்போர்டைத் தட்டினார். "அதுக்காக தேங்க் யூ கூடவா தெரியாது? நான் பேசின அத்தனையையும் எடுத்துக் குப்பையில போட்டுட்டு, நான் பேசாத ஒண்ணை என் பேர்ல குடுத்துட்டு வந்திருக்கார் இந்த மனுஷன். கேட்டா, பிள்ளை படிக்கிற இடம், பகைச்சுக்கக் கூடாதாம். அந்தம்மா என்னைப் பாத்துச் சிரிக்குது. நானும் பதிலுக்குச் சிரிச்சுத் தொலைச்சிட்டேன்! அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது."

அந்தச் சிரிப்புதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. லாரிக்காரனிடமும் போலீஸ்காரரிடமும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காதவர், தன்னை அவமானப்படுத்திய இடத்தில் பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். "இனிமே என் வாய்க்கு யாரும் வாடகைக்கு வரக் கூடாது. நானே பேசணும். நீ ஏதோ கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் பேசிப் பழகறேன்னு சொன்னியே, அது என்ன, எனக்கும் காட்டு" என்றார்.

நான் அப்போது வேறொரு பெரிய ஆஸ்பத்திரி வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தேன். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில். அதற்காக இணையத்தில் ஓர் உலகத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தேன். திரைக்குள் ஓர் ஊர் அது. தெரு, ஏரி, பாலம், தோட்டம் எல்லாம் படமாக இருக்கும். நாம் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கலாம். மைக்கில் பேசினால் பக்கத்தில் நிற்கிற உருவத்துக்குக் கேட்கும். அந்த உருவத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிஜ ஆள் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கென்றே அங்கே சில இடங்கள் உண்டு.

அக்காவின் அலுவலகம் டயர் கடையை ஒட்டிய ஓர் ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், மூலையில் லைசென்ஸ் விண்ணப்பம் அனுப்புவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் கார் ஓட்ட வரமாட்டார்கள். அந்த நேரத்தில் ஆரம்பித்தோம். அக்கா கம்ப்யூட்டரில், நான் பக்கத்து நாற்காலியில் என் போனில்.

முதல் சண்டை உருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வந்தது. பெண் உருவங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் கொடி இடை, நீள முடி, குதிகால் செருப்பு.

"ஏம்மா, இந்த ஊர்ல பொம்பளைங்க யாரும் சோறே திங்க மாட்டாங்களா? நாப்பத்தஞ்சு வயசுல ஒருத்தியும் கிடையாதா?"

"சும்மா ஏதாவது ஒண்ணு எடுங்கக்கா. பொம்மைதானே."

"பொம்மைன்னாலும் நான்தானே அது? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் எப்படி நம்பிப் பேசறது?"

கடைசியில் ஆண்கள் பக்கம் போனார். அங்கே தொப்பி போட்ட ஒரு தோட்டக்காரர், நல்ல தொப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "ஆம்பளைக்கு மட்டும் தொப்பைக்கு அனுமதி உண்டு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே அவரையே எடுத்துக்கொண்டார். பெயர் கேட்ட இடத்தில் 'பிரேக்' என்று அடித்தார்.

பிறகு நடக்கவேண்டும். அம்புக்குறி பட்டன்களை அழுத்தினால் உருவம் நடக்கும். எத்தனையோ பெண்களை நெரிசலில் ஓட்டவைத்த அக்காவுக்கு அந்தத் தோட்டக்காரரை நேராக நடத்திக்கொண்டுபோக முடியவில்லை. விளக்குக் கம்பத்தில் முட்டினார். ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். அப்புறம் விறுவிறுவென்று ஏரிக்குள் இறங்கிவிட்டார்.

"பிரேக் எங்க? இதுல பிரேக் எங்கம்மா?" என்று காலைத் தரையில் போட்டு அழுத்துகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரி, சிரி. நாளைக்கு நீ மேட்டுல வண்டிய நிறுத்தி எடுப்பல்ல, அப்ப நான் சிரிக்கறேன்" என்றார்.

ஒருவழியாக ஏரியிலிருந்து கரையேற்றி, பேச்சுப் பழகும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வட்டமாகப் பெஞ்சுகள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக உயரமாக, கோட்டுப் போட்ட ஓர் ஆள் இருப்பார். அவர் யார், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குள் 'கோட்டு' என்று பேர் வைத்துக்கொண்டோம். இன்னொருவர் பழுப்புக் கரடி உருவத்தில் வருவார். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வரி பதில் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அக்கா மைக்கைத் திறந்ததுமே டயர் கடை கம்ப்ரெஸர் 'புஸ்ஸ்ஸ்' என்று காற்றை விட்டது. பெஞ்சில் இருந்த ஒரு பெண் அலறி, பாம்பா என்று கேட்டாள். கோட்டு அக்காவைப் பார்த்து, "வெல்கம், சார்" என்றார். "நோ சார். லேடி" என்றார் தொப்பைத் தோட்டக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவாயில்லை, அதில் விஷம் இல்லை.

விஷம் வேறு இடத்தில் இருந்தது. அக்கா பேச வந்தது ஒரே ஒரு விஷயம்தான், தன் மகளுக்கு நடந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பார்.

"மை டாட்டர் ஸ்கூல் கோயிங்..."

"கோஸ்" என்பார் கோட்டு. "மை டாட்டர் கோஸ் டு ஸ்கூல். அகெய்ன், ப்ளீஸ்."

"மை டாட்டர் கோஸ் டு ஸ்கூல். ஒன் டே டீச்சர்..."

"த டீச்சர். அகெய்ன், ப்ளீஸ்."

மறுபடி முதலிலிருந்து. இரண்டு வார்த்தை வைத்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். அதற்குள் நேரமாகிவிட்டது என்று அடுத்த ஆளிடம் போய்விடுவார். மறுநாளும் இதே கதை. அதற்கு அடுத்த நாளும். கோட்டு ஒன்றும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யவில்லைதான். ஆனால் அந்த ஆளுக்கு, எதிரில் ஒரு மனுஷி ஏதோ சொல்லத் தவிக்கிறாள் என்பது உறைக்கவே இல்லை. அவருக்கு வேண்டியது பிழை. அது கிடைத்ததும் மனசு நிறைந்துபோய்விடும்.

"இத்தனை நாள் ஆச்சு, என் பொண்ணு இன்னும் ஸ்கூல் கேட்டையே தாண்டல" என்று அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வீசினார். "எப்ப அவ உள்ள போய், எப்ப பாட்டில் ஒழுகி, எப்ப நான் பிரின்சிபாலைப் பாக்கறது?"

அந்த மாதக் கடைசியில் வெடித்தது. அன்றைக்கு அக்கா எப்படியோ கதையை வராந்தா வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். "ஷி ஸ்டாண்டிங் அவுட்சைடு" என்றார். குரல் லேசாக உடைந்தது. பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்முன் வந்திருக்கும். கோட்டு அமைதியாக, "ஷி வாஸ் ஸ்டாண்டிங். அகெய்ன், ப்ளீஸ்" என்றார்.

"ஸ்டாப்!"

கார் என்றால் நின்றிருக்கும். அந்தத் தோட்டமே நின்றது.

"யூ ஸ்டாப்! ஐ டாக், யூ கட். ஐ டாக், யூ கட். யூ டீச்சர்? நோ! யூ சிசர்! மை டாட்டர் ஹெல்ப் ஃப்ரெண்ட், டீச்சர் பனிஷ். மை டாட்டர் க்ரை. ஐ ஆங்க்ரி. ஐ வெரி வெரி ஆங்க்ரி! ஃபர்ஸ்ட் யூ லிசன்! ஆஃப்டர் யூ கட்! யூ நோ சில்ட்ரன்? யூ நோ ஹார்ட்? யூ..."

திரை கருப்பாகிவிட்டது.

"கரண்ட் போச்சா?" என்று அக்கா மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரி வந்தது. முறைகேடாக நடந்துகொண்டதால் நீங்கள் இந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று. நான் படித்து அர்த்தம் சொன்னேன்.

நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. என் போனில், "அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, நீங்கள் செய்ததுதான் தப்பு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"அக்கா, நீங்க இப்ப என்ன செஞ்சீங்க தெரியுமா? மூச்சு விடாம இங்கிலீஷ் பேசினீங்க!"

"அது கெடக்கட்டும்! அவன் எப்படி என்னை வெளிய தள்ளலாம்? வாயத் தொறந்தா வெளிய நிறுத்தறதுக்கு அங்க ஒரு வராந்தா, இங்க ஒரு வராந்தாவா? உலகம் பூரா இதே வேலையா இவங்களுக்கு?"

நான் எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தேன்.

சற்று நேரத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. கரடியிடமிருந்து. தானும் தோட்டத்தை விட்டு வந்துவிட்டதாகவும், ஏரிக்கு அந்தப் பக்கம் பாலத்துக்கடியில் இருப்பதாகவும், அந்த அம்மாவின் கதையை முழுசாகக் கேட்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

பாலத்துக்கடியில் பெஞ்சு கிடையாது. கரடியும் தோட்டக்காரரும் நானும் நின்றுகொண்டேதான் பேசுவோம். கரடி நிஜத்தில் ஒரு லாரி டிரைவர். தமிழுக்குச் சம்பந்தமில்லாத, எங்கோ குளிர் அதிகமான நாடு. சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் லாரியில் உட்கார்ந்தபடியே வருவாராம். அவருக்கும் ஆங்கிலம் வெளியார் மொழிதான். இதைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தார். "லாரிக்காரனா? காலம் பூரா யார்கூட மல்லுக்கட்டினேனோ அவன்கிட்டயே கொண்டுவந்து விட்டுட்டியே!"

ஆனால் அந்த லாரிக்காரர் வாய் திறக்காமல் கேட்டார். அக்கா தட்டுத்தடுமாறி, திக்கி, கையை ஆட்டி, கையை ஆட்டினால் அங்கே தெரியாது என்பதை மறந்து மறுபடி ஆட்டி, முழுக்கதையையும் சொல்லி முடித்தார். முடித்தபிறகு கரடி தனக்குப் புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார். பையை அக்கா பேக் என்று சொன்னது அவருக்கு முதுகு என்று கேட்டிருக்கிறது. தோழியின் முதுகில் ஏன் தண்ணீர் ஒழுகியது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்களா என்று ரொம்பக் கவலையோடு விசாரித்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "நோ பேக். பேஏக். புக் வைக்கிற பேஏக்" என்று இழுத்துக் காட்டினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்து மறந்ததெல்லாம் அப்படி ஒவ்வொன்றாக நாக்குக்கு வந்தது.

சில வாரத்தில் ஒத்திகை ஆரம்பமானது. கரடி பிரின்சிபாலாக நிற்பார். அடித்தொண்டையில், "யெஸ், மதர்? வாட் இஸ் த ப்ராப்ளம்?" என்பார். தோட்டக்காரர் தொப்பியோடு எதிரில் நின்று நியாயம் கேட்பார். கரடி வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரிப் பேசி அவசரப்படுத்துவார், குறுக்கே பேசுவார், சிரித்து மழுப்புவார். அக்கா அசரமாட்டார். எனக்கும் அங்கே பழகியது நன்றாகவே உதவியது. அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் ஒவ்வொருவராகப் பிரின்சிபாலைச் சந்திக்கிற நாள் வந்தது. அங்கே நடந்ததை அக்கா எனக்குச் சொன்னபோது நான் மேட்டில் காரை நிறுத்தி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். கார் இரண்டு முறை பின்னால் உருண்டது, அக்கா கவனிக்கவே இல்லை. அப்படிச் சொன்னார்.

அதே மீன் தொட்டி. அதே தாழ்ந்த நாற்காலிகள். மகளும் கூட இருந்தாள். பிரின்சிபால் மார்க்கைப் பற்றி வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். எழுந்திருக்கப் போனார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"மேடம். ஒன் மினிட்" என்றார்.

வீட்டுக்காரர் பதறி, "என்னன்னு என்கிட்ட சொல்லு, நான் கேக்கறேன்" என்றார்.

"நீங்க சும்மா உக்காருங்க."

பிறகு அக்கா பேசினார். "மேடம், லாஸ்ட் டைம் ஐ நாட் சே தேங்க் யூ. மை ஹஸ்பெண்ட் சே தேங்க் யூ. ஐ சே, யூ ராங். மை டாட்டர் சீ வாட்டர். ஷி டெல் ஹர் ஃப்ரெண்ட். குட் கேர்ள். யூ பனிஷ் குட் கேர்ள். ஒய்? ஸோ டுடே ஐ டேக் பேக் மை தேங்க் யூ. ப்ளீஸ் கிவ்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாராம், கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கிற மாதிரி.

பிரின்சிபால் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு சொன்னார். "அம்மா, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறீங்க? நீங்க தமிழ்லயே பேசலாம். எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்லயும் தமிழ்தான்."

சுத்தமான தமிழ். நம் வீட்டுத் தமிழ்.

"எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல நர்ஸம்மா" என்றார் அக்கா. "அப்புறம்தான் உறைச்சுது. அன்னிக்கு நான் பேசினது ஒரு எழுத்து விடாம அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும், 'வாட் இஸ் ஷி சேயிங்'னு கேட்டிருக்கு. இவர் பொய்யா தேங்க் யூ சொன்னதும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வெல்கம்னு சிரிச்சிருக்கு!"

அக்கா பிரின்சிபாலிடம் கேட்டிருக்கிறார். "அப்ப அன்னிக்கு ஏன் மேடம் தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்க?"

"ரூல்ஸ்மா. காம்பவுண்டுக்குள்ள இங்கிலீஷ்தான்னு நிர்வாகம் சொல்லியிருக்கு. நான் என்ன பண்றது?"

"சரி. இப்ப நீங்க தமிழ் பேசிட்டீங்களே. உங்கள யார் வராந்தாவுல நிக்கவைக்கறது?"

மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிரின்சிபாலின் முகம் சிவந்தது. நேரமாகிறது, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். "நோ ப்ராப்ளம், மேடம். ஆன்ஸர் இங்கிலீஷ் ஆல்ஸோ ஓகே. ஐ வெயிட்" என்று அக்கா கதவருகில் நின்று சொல்லிவிட்டு வந்தாராம்.

திரும்பும் வழியில் அக்காதான் காரை ஓட்டினார். மகள் பின்னால். வீட்டுக்காரர் பக்கத்தில், சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. ஒரு சிக்னலில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பயந்துட்டேன்னு நெனைக்கிறியா?"

"வேற என்ன?"

"பயமும்தான். ஆனா... நீ அன்னிக்குப் பேசினது அவ்வளவும் இங்கிலீஷ்ல சொல்ல எனக்கு வரல. 'தீப்பிடிச்சா வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா'ன்னா நான் எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்சது கடிதம். 'வித் ரெஃபரன்ஸ் டு'ன்னு ஆரம்பிச்சா முடிச்சிருவேன். யாராவது மூஞ்சியப் பாத்துக் கேட்டா ஒரு வார்த்தை வராது. வாயில வந்தது தேங்க் யூ ஒண்ணுதான்."

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அக்கா வண்டியை எடுக்கவில்லை.

"கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷமா எல்லாரும் உங்களை எங்க வீட்டு இங்கிலீஷ்னு சொன்னாங்களே, அப்பல்லாம்?"

"சொன்னாங்க. நான் மறுக்கல."

"தெரியலன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்? தெரியலங்கறது தப்பில்லங்க. என் வார்த்தையை மாத்திக் குடுத்தீங்களே, அது தப்பு."

வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். ஆனாலும் அக்கா அவரிடம் அன்றைக்கும் மறுநாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளோ அம்மாவிடம் பேசவில்லை. நாளைக்கு வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள் என்று பயம். கேலி செய்யத்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஒழுகிய பாட்டில் தோழி இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாளாம். அதிலிருந்து வீட்டில் பேச்சு சகஜமானது.

பள்ளிக்கூடம் சட்டத்தை மாற்றவில்லை. மாற்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வராந்தாவில் நிற்கவைப்பது மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோனது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை, செய்தது தப்பென்றும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பள்ளிக்கு வரும் பெற்றோர் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோர் வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் பார்த்து அக்கா குதித்த குதியில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் புது வேலைக்காக வேறு ஊருக்கு வந்துவிட்டேன். மதியங்களில் சில நாள் பாலத்துக்கடியில் அக்காவையும் கரடியையும் சந்திப்பேன். போன வாரம் அக்கா வழக்கத்தைவிடச் சூடாக வந்தார்.

"இப்ப என்னக்கா?"

"நேத்து எல்லாப் பெத்தவங்களுக்கும் ஹால்ல கூட்டம். அந்தம்மா வாசல்ல என்னைப் பாத்ததும் ஓடிவந்து, 'வாங்க, சௌக்கியமா, சாப்பிட்டீங்களா'ன்னு தமிழ்ல கேக்குது. அப்புறம் மேடையில ஏறி ஒரு மணி நேரம் இங்கிலீஷ். சுத்திப் பாக்கறேன், பாதிப் பேர் அப்போ நான் சிரிச்ச அதே சிரிப்பைச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு மட்டும் தமிழாம்! நான் கத்தினதால எனக்கு மட்டும் சலுகையாம்! எப்படி இருக்கும்?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எந்திரிச்சேன். 'மேடம், மெனி பேரன்ட்ஸ் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் டெல் ஒன்ஸ் தமிழ் ஆல்ஸோ'ன்னேன். என் வீட்டுக்காரர் வேற என் சேலையைப் பிடிச்சு இழுக்கறார். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பொம்பள, 'ஆமாங்க, சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்'னுச்சு. அதுக்கப்புறம் நாலஞ்சு பேர். அந்தம்மா தண்ணி குடிச்சுது. மைக்கைத் தட்டிச்சு. தமிழ்ல ஆரம்பிச்சுது."

"நல்லதுதானேக்கா?"

"என்ன நல்லது? ஒரு மணி நேரமாச் சொன்னதைப் பத்து நிமிஷத்துல, அவ்வளவு தெளிவா, அவ்வளவு அழகாச் சொல்லுது நர்ஸம்மா! இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு இத்தனை வருஷமா ஒரு தடவை சொல்லணும்னு தோணலையே, அதுக்கு என்ன பதில்?"

கரடிக்கு இது ஒன்றும் புரியவில்லை. அக்கா ஏன் கோபமாக இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்.